ஜெயப்பிரியா படிக்காத செய்தி

கோவில்பட்டி மெயின் ரோட்டில் இருக்கிற அந்த ஜவுளிக்கடையின் மூன்றாவது மாடியில், கல்யாணப் பட்டுப் பிரிவில், ஜெயப்பிரியா சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். பெண்ணுக்கு அரக்குச் சிவப்பு பிடித்திருந்தது. மாமியாராக வரப்போகிறவளுக்கு மாம்பழ மஞ்சள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஜெயப்பிரியாவிடமே பேசிக்கொண்டிருந்த நேரத்தில்தான் அந்த அம்மாள் படியேறி வந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கையில் மஞ்சள் பை. கால் வெடிப்பெல்லாம் கரிசல் புழுதி.

"இங்கன ஜெயப்பிரியாங்கறது யாரு?"

"நாந்தான். சொல்லுங்கம்மா, எந்த மாதிரி சேலை பாக்குதீங்க?"

"சேலை எடுக்க வரல தாயீ. எம் புருசன் பிள்ளை பிடிக்கிறவன்னு நீ எதை வச்சுச் சொன்னன்னு கேட்டுட்டுப் போக வந்தேன்."

பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் சேலையை மறந்துவிட்டார்கள். ஜெயப்பிரியாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆள் மாறி வந்திருக்கிறாள் என்று நினைத்து, மேற்பார்வையாளரிடம் கண்ணைக் காட்டிவிட்டு, அவளை மெதுவாக ஜன்னல் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

அந்த அம்மாளின் பெயர் சுந்தரம்மாள். புதூர்ப் பக்கம் ஒரு கிராமம். புருஷன் பெருமாள்சாமி செம்மறி ஆடு மேய்க்கிறவர். தை மாசம் அறுவடை முடிந்ததும் ஆட்டைப் பத்திக்கொண்டு மேற்கே வந்து, நிலம் வைத்திருக்கிற காட்டுக்காரர்கள் கேட்கிற இடத்தில் ராத்தங்கலுக்கு ஆட்டை அடைத்துப் போடுவார். ஆட்டுப் புழுக்கை நிலத்துக்கு உரம். முப்பது வருஷமாக இதுதான் பிழைப்பு. இந்த வருஷமும் அப்படித்தான் இடைசெவலுக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊருக்குப் போயிருக்கிறார். ஒரு பகல், ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று ஆட்டுக்குட்டிகளின் பின்னாலேயே வெகுதூரம் நடந்து வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தவர், வெயிலில் பிள்ளை தனியாக நிற்பதைப் பார்த்து, கையைப் பிடித்து ஊருக்குள் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். வழியில் நாலு பேர் மறித்தார்கள். அடித்தார்கள். ஒருத்தன் போனில் படம் பிடித்தான். போலீஸ் வந்து விசாரித்து, குழந்தையின் தாயையும் கேட்டு, ஒன்றுமில்லை என்று சாயங்காலமே அனுப்பிவிட்டது. ஆனால் அதற்கு முன்னாலேயே படம் ஊரெல்லாம் போய்விட்டது.

"அடிச்சது ஆறிப்போச்சு. நீ படிச்சியே, அதுதான் ஆறல" என்று சுந்தரம்மாள் பையிலிருந்து போனை எடுத்தாள். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி வந்த போன். எங்கே அமுக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

திரையில் சட்டை கிழிந்த ஒரு மனிதர் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். பின்னணியில் குரல்.

"வணக்கம். செய்திகள் வாசிப்பது ஜெயப்பிரியா."

அவள் குரல்தான். சந்தேகமே இல்லை. ஆனால் இன்றைய குரல் இல்லை. இருபது வருஷத்துக்கு முந்தின குரல். 'வணக்கம்' சொன்னபின் ஒரு நொடி விட்டு, மூச்சை இழுத்துக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போகிற அந்தப் பழக்கம்கூட அப்படியே இருந்தது. அந்தக் குரல் எந்தத் தடுமாற்றமும் இல்லாமல், கரிசல் கிராமங்களில் குழந்தை கடத்தும் கும்பல் நடமாடுவதாகவும், ஆடு மேய்ப்பவர் வேடத்தில் வந்த ஒருவர் பிடிபட்டிருப்பதாகவும் வாசித்தது. பொதுமக்கள் உஷாராக இருக்க வேண்டும் என்று அக்கறையோடு கேட்டுக்கொண்டது.

"நான் இதைப் படிக்கலம்மா" என்றாள் ஜெயப்பிரியா. சொல்லும்போதே அது எப்படிப்பட்ட பேச்சாக எதிராளிக்குக் கேட்கும் என்று அவளுக்குத் தெரிந்தது.

சுந்தரம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். "உன் வாய்தானே பேசுது?"

*

ஒரு காலத்தில் கோவில்பட்டியில் ராத்திரி ஏழரை மணி என்றால் ஜெயப்பிரியாதான். 'பூவனம் டிவி' என்று கேபிளில் வந்த உள்ளூர்ச் சேனல். புதுரோட்டில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறை. சுவரில் நீலத் துணி. காற்றாடி ஓடினால் மைக்கில் சத்தம் விழும் என்று வாசித்து முடிக்கும்வரை அதை நிறுத்திவிடுவார்கள். சித்திரை மாசத்தில் கழுத்து வழியாக வேர்வை இறங்குவது தெரியாமல் இருக்க, ரவிக்கைக்குள் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு அவள் சிரிப்பாள். மேஜைக்குக் கீழே காலில் செருப்பு இருக்காது.

சேனலை நடத்தியவர் பீர் முகம்மது. செய்தியை முழுக்கத் தன் கையாலேயே நீல மையில் எழுதிக் கொடுப்பார். நாளைக்கு எங்கே மின்தடை, ரயில் எத்தனை மணி நேரம் தாமதம், கமிஷன் கடையில் உளுந்து என்ன விலை, எந்தத் தெருவில் நாலு நாளாகத் தண்ணீர் வரவில்லை, எப்போதும்வென்றான் கிராமத்தில் காணாமல் போன பசுமாடு எங்கே நிற்கிறது. இதுதான் செய்தி. இதற்காக ஜனங்கள் சோற்றுத் தட்டோடு டிவிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். தெருவில் நடந்தால் ஜெயப்பிரியாவைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் 'வணக்கம்' என்று அவளைப் போலவே இழுத்துச் சொல்லிக் கேலி செய்துவிட்டு ஓடும். அவளுக்கு அது பிடித்திருந்தது.

அந்த அறையில் அவளுக்குப் பிடிக்காத ஒன்றும் நடந்தது. ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையில் தீப்பிடித்த அன்று, அவசரத்தில், ஆஸ்பத்திரியில் உயிரோடு இருந்த ஒரு பெண்ணின் பெயரை இறந்தவர் பெயராக அவள் வாசித்துவிட்டாள். செய்தியைக் கேட்ட அந்தப் பெண்ணின் தாய், மாரில் அடித்துக்கொண்டு விழுந்துவிட்டாள். மறுநாள் பீர் முகம்மது அந்த வீட்டு வாசலுக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனார். அவர்கள் திட்டியதை நின்று கேட்டார். பிறகு மூன்று நாள், செய்தியின் முதல் வரியாகவே, 'நாங்கள் தவறாகச் சொன்னோம்' என்று வாசிக்க வைத்தார்.

"ஒரு நாள் போதாதா பாய்? மானமே போகுது" என்று அவள் அழுதிருக்கிறாள்.

"நேத்து பாத்தவன் இன்னைக்குப் பாக்காமப் போயிருப்பான்மா. அவனுக்கும் போய்ச் சேரணும்லா" என்றார் அவர், எழுதிக்கொண்டே.

பத்து வருஷம் ஓடியது. அப்புறம் வீட்டுக்கு வீடு குடை ஆண்டெனா வந்தது, கைக்குக் கை போன் வந்தது. பூவனம் டிவி எந்த அறிவிப்பும் இல்லாமல் ஒரு வெள்ளிக்கிழமை நின்றது. நின்றதைச் சொல்லும் செய்தியை மட்டும் அவள் வாசிக்கவேயில்லை. பீர் முகம்மது மருமகனின் டயர் கடையில் போய் உட்கார்ந்தார். ஜெயப்பிரியா பட்டுச்சேலைப் பிரிவுக்கு வந்தாள். கேமரா பிடித்த பாலகணேஷ், கல்யாணங்களுக்கு வீடியோ எடுத்து, கடைசியில் 'கரிசல் கண்' என்று போனிலேயே ஓடுகிற ஒரு செய்திச் சேனல் ஆரம்பித்தான். சுந்தரம்மாள் காட்டிய படத்தின் மூலையில் அந்தப் பெயர்தான் இருந்தது.

*

"அக்கா, உங்களுக்கு ஒரு நாள் சர்ப்ரைஸா காட்டணும்னு இருந்தேன்" என்றான் பாலகணேஷ். உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் சொன்னான்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே கண்ணாடி போட்ட, குளிர்சாதன அறைதான் 'கரிசல் கண்' ஆபீஸ். பழைய கேசட்டுகள் எல்லாம் அவனிடம்தான் இருந்தன. அவற்றிலிருந்து அவள் குரலை எடுத்து, கம்ப்யூட்டருக்குக் கொடுத்துப் பழக்கியிருந்தான். இப்போது எதை டைப் அடித்தாலும் அவள் வாசிப்பாள். ஒரு நாளைக்கு நாற்பது செய்தி. சுந்தரம்மாளைப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, ஜெயப்பிரியா அவன் காட்டியதை எல்லாம் கேட்டாள். தங்கம் விலையை அவள் வாசித்திருந்தாள். ராசிபலன் வாசித்திருந்தாள். 'பிறர் குரலைத் திருடி மோசடி செய்யும் புதிய தொழில்நுட்பம், மக்களே எச்சரிக்கை' என்ற செய்தியையும் அவள்தான் வாசித்திருந்தாள்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியாலே?"

"கேசட்டு நம்ம எடுத்ததுதானேக்கா. உங்க குரல்ல வந்தாத்தான் நம்ம ஜனம் நம்புதாவ. வேற குரல் வச்சுப் பாத்தேன், எவனும் நின்னு கேக்க மாட்டேங்கான்."

"அதுக்குத்தான் என்னைக் கேட்டிருக்கணும்."

அவன் தலையைச் சொறிந்தான். பெருமாள்சாமி விஷயத்தை எடுத்ததும் கொஞ்சம் தடுமாறினான். "நான் 'கூறப்படுகிறது'ன்னுதான் போட்டேன். குரூப்ல வந்துச்சு. எல்லாரும் போடுதாவ, நாம பின்தங்கக் கூடாதுல்லா."

"யாரைக் கேட்டுப் போட்ட? அந்தப் பிள்ளையோட அம்மாவைக் கேட்டியா? ஸ்டேஷன்ல கேட்டியா?"

"அக்கா, இப்போ அதுக்கெல்லாம் நேரம் கிடையாது."

அதுவரை பேசாமல் இருந்த சுந்தரம்மாள் அப்போது வாயைத் திறந்தாள். "தம்பி, அதுக்கப்புறம் அவரு எந்த ஊருக்குள்ள போனாலும் நிறுத்தி வச்சு போட்டோ புடிச்சாங்க. எந்த ஊரு, யாரு, ஆதாரு எங்கன்னு கேட்டாங்க. ஆடு மேய்க்க ஆதாரு கேட்டு நான் கண்டதில்ல. இருபது நாளா வீட்டை விட்டு வரல. ஆட்டை நான்தான் பத்திட்டுப் போறேன்."

பாலகணேஷ் அவள் முகத்தைப் பார்க்காமல் உடனே அந்தப் படத்தை அழித்தான். "அழிச்சாச்சும்மா, பாருங்க" என்று திரையைத் திருப்பிக் காட்டினான். சுந்தரம்மாள் தன் கையிலிருந்த போனை அமுக்கினாள். ஏற்கெனவே கைமாறி வந்திருந்த படம் அதில் இன்னும் ஓடியது. "வணக்கம். செய்திகள் வாசிப்பது ஜெயப்பிரியா."

"போலீஸ்ல எழுதிக் கொடுக்கப் போறேன் கணேசு. என் குரலை எடுத்ததுக்கு. அதுக்கு முன்னால ஒன்னு செய். இப்பவே கேமராவை வை. மறுப்பை நானே படிக்கேன். நானே."

அவன் மறுக்கவில்லை. பழைய நாள் மாதிரி, வெளிச்சத்தைச் சரி பார்த்தான். "கொஞ்சம் இடது பக்கம் திரும்புங்கக்கா" என்றான். அந்த ஒரு வார்த்தையில் சைக்கிள் கடை மாடியும், நீலத் துணியும், பீர் முகம்மதுவின் பேனா உரசுகிற சத்தமும் வந்துவிட்டன. அவள் தானே ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். வாசித்தாள். பெருமாள்சாமி குற்றமற்றவர்; வழி தவறிய குழந்தையைத் தாயிடம் சேர்க்க வந்தவர்; இந்தச் சேனல் விசாரிக்காமல் செய்தி போட்டது; அதில் வந்த குரல் நான் பேசியதல்ல.

மறுநாள் கடையில் சாப்பாட்டு நேரத்தில், உடன் வேலை பார்க்கும் பெண்ணின் போனில் அதைப் பார்த்தாள். அழிப்பதற்கு முன்னாலேயே பொய்ச் செய்தியை இரண்டு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். இதை முன்னூற்றுப் பத்து பேர். கீழே எழுதியிருந்தவற்றை ஒவ்வொன்றாகப் படித்தாள்.

'இது ஃபேக். ஜெயப்பிரியா மேடம் வாய்ஸ் இப்படி இருக்காது.'

'யாரோ ஒரு கிழவியை உட்கார வச்சுப் பேச வைக்கிறாங்க.'

'ஒரிஜினல் மேடம் டெய்லி நியூஸ் வாசிக்கிறாங்களே, போய்க் கேளுங்கப்பா.'

உடனிருந்த பெண் சிரித்துவிட்டாள். பிறகு ஜெயப்பிரியாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

*

டயர் கடையில் பீர் முகம்மது அன்றைய நாளிதழைப் பேனாவோடு படித்துக்கொண்டிருந்தார். எழுத்துப் பிழை இருந்தால் வட்டம் போடுவது இன்னும் விடவில்லை. அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். போலீஸின் சைபர் பிரிவுக்கு அவள் எழுதிய புகாரை வாங்கி, இரண்டு இடத்தில் திருத்தினார். ஆனால் ஊர் ஊராகப் போய்ச் சொல்லலாம் என்று அவள் சொன்னபோது வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார்.

"எத்தனை பேருக்குன்னு போய்ச் சொல்லுவ? ரெண்டு லட்சம் பேரு பாத்திருக்கான். புகாரைக் கொடுத்துட்டு வேலையைப் பாரும்மா. நம்ம காலம் வேற."

"அன்னைக்கு மூணு நாள் படிக்க வச்சீங்களே பாய்."

"அன்னைக்கு ஊரு சின்னது."

"அவிய ஆடு மேய்க்கிற ஊரு இப்பவும் சின்னதுதான். மொத்தம் ஆறு ஊரு. ரெண்டு லட்சம் பேரு எனக்கு வேண்டாம். அந்த ஆறு ஊரு போதும்."

அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். "மருமகன்கிட்ட லோடு ஆட்டோ இருக்கு. ஞாயித்துக்கிழமை சும்மாதான் நிக்கும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பீர் முகம்மதே ஆட்டோ ஓட்டினார். பின்னால் இரும்புப் பெட்டி மேல் ஜெயப்பிரியாவும் சுந்தரம்மாளும். வாடகை மைக் செட் ஒன்று. பெருமாள்சாமி வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். முதலில் எங்கே போவது என்று பீர் முகம்மது கேட்டபோது, சுந்தரம்மாள் தன் புருஷனை அடித்த ஊரின் பெயரைத்தான் சொன்னாள்.

பேருந்து நிற்கிற வேப்பமரத்தடியில் ஆட்டோவை நிறுத்தினார்கள். இரண்டு பக்கமும் மக்காச்சோளத் தட்டை அறுத்துக் கிடந்த நிலம், வெடித்து வாய் பிளந்து கிடந்தது. ஜெயப்பிரியா மைக்கை வாங்கினாள்.

"வணக்கம். செய்திகள் வாசிப்பது ஜெயப்பிரியா."

டீக்கடையிலிருந்து ஒன்றிரண்டு தலைகள் திரும்பின. எதிர் வீட்டிலிருந்து ஒரு பெண் ஈரக் கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். "ஏட்டி, வாட்டி இங்க! கேபிள் ஜெயப்பிரியா! அந்தப் பிள்ளைதான்! எப்படி இளைச்சுப் போயிட்டா பாரு!" என்று பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுத்தாள். ஐந்து நிமிஷத்தில் முப்பது நாற்பது பேர் கூடிவிட்டார்கள். இளவட்டங்களுக்கு அவளைத் தெரியவில்லை. நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் எல்லோரும் அவளைத் தெரிந்தவர்களாக இருந்தார்கள். ஒருவர், தன் மாடு காணாமல் போனதை அவள் வாசித்ததை இன்னும் நினைவு வைத்துச் சொன்னார்.

அவள் தாளைப் பார்த்து வாசித்தாள். முதல் வரி, 'தவறாகச் சொல்லப்பட்டது' என்பதுதான். வாசித்து முடித்ததும் ஒரு வாலிபன் முன்னால் வந்தான்.

"அன்னைக்கும் நீங்கதானே படிச்சீங்க? இன்னைக்கு மாத்திப் படிக்கீங்க. எதை நம்ப?"

"அன்னைக்குப் படிச்சது மெஷினு. என் பழைய குரலைத் திருடிப் பேச வச்சது. நான் இதோ உங்க முன்னால நிக்கேன். என்னைக் கேள்வி கேக்குதீங்க, நான் பதில் சொல்லுதேன். அதுகிட்ட உங்களால கேக்க முடிஞ்சுதா?"

"ஒன்னுமில்லாமலா போடுவான்?" என்றான் இன்னொருவன் பின்னாலிருந்து.

அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து ஒருத்தி, இடுப்பில் பிள்ளையோடு, முன்னால் வந்தாள். அவள் பெயர் ராஜமணி. ஆட்டுக்குட்டி பின்னால் போன அந்தக் குழந்தையின் தாய். "ஒன்னுமில்லதான். அவரு என் பிள்ளையைக் கொண்டாந்து விட வந்தவரு. பிள்ளைக்குத் தண்ணி கொடுத்திருக்காரு. போலீஸ்ல சொன்னேன்."

"இத்தனை நாளா இங்கன ஏன்மா சொல்லல?" என்றார் பீர் முகம்மது.

"என்னை ஒருத்தரும் கேக்கலையே" என்றாள் ராஜமணி.

அடித்த நாலு பேரில் ஒன்றிரண்டு பேராவது அங்கேதான் நின்றிருக்க வேண்டும். யார் என்று ஆட்டோவில் வந்த மூன்று பேரும் கேட்கவில்லை. சுந்தரம்மாள் ஆட்டோவை விட்டு இறங்கி, ராஜமணியின் அருகில் போய், குழந்தையின் கன்னத்தைத் தொட்டாள். அது தன் பாட்டுக்கு, "ஆடு எங்க?" என்று கேட்டது. சுந்தரம்மாள் சிரித்தாள். அவள் சிரிப்பை ஜெயப்பிரியா அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை போனார்கள். இரண்டாவது வாரம் பாலகணேஷும் வந்தான். கேமரா கொண்டு வரவில்லை. மைக் வயரைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றான். ஒரு ஊரில் அவர்களை உள்ளே விடவில்லை. மற்ற ஐந்தில் டீ வாங்கிக் கொடுத்தார்கள். திரும்பி வரும் வழியில் பீர் முகம்மதுவும் அவளும் பழைய கதை பேசினார்கள். மின்தடைச் செய்தியை வாசிக்கும்போதே மின்சாரம் போன நாளைச் சொல்லிச் சிரித்து, அவர் வண்டியை ஓரங்கட்ட வேண்டியதாயிற்று.

பங்குனி மாசக் கடைசியில் பெருமாள்சாமி மறுபடி ஆட்டைப் பத்திக்கொண்டு மேற்கே வந்தார். ராஜமணியின் மாமனார் நிலத்தில்தான் முதலில் ஆடு அடைத்தார். கோவில்பட்டிக்கு வந்து ஜெயப்பிரியாவைப் பார்த்து, கையெடுத்துக் கும்பிட்டார். பேசத் தெரியாத மனிதர். குழந்தைகள் ஆட்டுக்குட்டி பார்க்க வந்தால் இப்போது என்ன செய்கிறீர்கள் என்று அவள் கேட்டாள். "தள்ளிப் போயிருவேன் தாயீ" என்றார்.

புகாருக்கு ஒரு எண் வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை. ஆனால் 'கரிசல் கண்' சேனலில் அவள் குரல் நின்றுவிட்டது. சித்திரையில் ஒரு நாள் பேருந்தில் வரும்போது, முன் இருக்கைக்காரர் போனில் அந்தச் சேனல் ஓடியது. வேறொரு பெண் குரல். இளம் குரல், தெளிவானது, சென்னைப் பக்கத்து உச்சரிப்பு. இறங்கியதும் பாலகணேஷைப் போனில் கூப்பிட்டாள்.

"இது யாரு குரல் கணேசு?"

"யாரு குரலும் இல்லக்கா. பிரச்சினையே வராது. கம்ப்யூட்டர்லயே இருக்குறது."

"கம்ப்யூட்டருக்குள்ள அது எப்படிப் போச்சு? எங்கயோ ஒருத்தி உக்காந்து பேசியிருப்பாள்லா. அவளுக்குத் தெரியுமா?"

"விசாரிக்கேன்க்கா" என்றான்.

"விசாரிச்சுட்டு எனக்குச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, ஜெயப்பிரியா வேலைக்கு நேரமாகிவிட்டதே என்று கடைப் படிகளில் வேகமாக ஏறினாள்.